மூன்றாவது கிளாஸோடு நின்ற கதை

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி ஆரம்பித்தால் நீளும். ஒரே ஒரு கதையைப் பத்து வருஷம், சாராயம் வாங்கி ஊற்றி ஊற்றிக் கேட்டும், அதன் முடிவு என்னவென்று தெரிந்துகொள்ளாத ஒரே ஆள் அரியலூர்த் தாலுக்காவிலேயே நான்தான். தெரிந்துகொள்ளாததுகூடப் பரவாயில்லை. தெரியும் என்று நினைத்துக்கொண்டு, அந்த முடிவைத் தட்டியில் எழுதி ஊர் முழுக்கக் கட்டியும் வைத்தேன்.

அரியலூருக்கும் கீழப்பழுவூருக்கும் நடுவில் எங்கள் ஊர். பஸ் நின்றால் ஊர், நிற்காவிட்டால் வெறும் புளியமரம். அங்கே நான் தையற்கடை வைத்திருந்தேன். ஊர்ச் சடுகுடுக் குழுவுக்குச் செயலாளரும் நான்தான். ஆடத் தெரிந்தவனைச் செயலாளராகப் போட்டால் ஆடப் போய்விடுவான், தெரியாதவன்தான் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பான் என்பது பெரியவர்களின் கணக்கு. அந்தத் தகுதி எனக்கு நிறையவே இருந்தது. நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் களத்தில் இறங்கினேன். நானே தைத்த கால்சட்டை. எதிரணிக்குள் மூன்றாவது எட்டு வைத்ததும் பின்பக்கம் முழுக்கப் பிரிந்தது. அவர்களில் ஒருவனும் என்னைப் பிடிக்கவில்லை, சிரித்துச் சிரித்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். கையை நீட்டியிருந்தால் நாலு பேரைத் தொட்டிருக்கலாம். இரண்டு கையையும் பின்னால் வைத்துக்கொண்டு ஓடி வந்தேன். அதன் பிறகு ஆறு மாதம் எவனும் என்னிடம் கால்சட்டை தைக்கக் கொடுக்கவில்லை.

இப்படிப்பட்ட எனக்கு, அந்தக் கதையைச் சொன்னவர் தெய்வமாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

ஊரில் எல்லோரும் அவரைச் சாம்பியன் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் மட்டும் அண்ணே என்பேன். வாலிபத்தில் மாவட்ட அணிக்கு ஆடியவர். அப்போது நாங்களும் பெரம்பலூர்க்காரர்களும் எல்லாம் திருச்சி மாவட்டம். அவ்வளவு பெரிய மாவட்டத்தின் ஏழு பேரில் எங்கள் பக்கத்து ஆள் அவர் ஒருவர்தான். எங்கேயோ கோயமுத்தூர்ப் பக்கம் இறுதி ஆட்டம் ஆடிவிட்டு, முட்டியில் கட்டோடு அரியலூர் ஸ்டேஷனில் வந்து இறங்கினார். கட்டைப் பார்த்ததுமே ஊர் முடிவு செய்துவிட்டது. தோற்றவனுக்கு யார் இவ்வளவு பெரிய கட்டுப் போடுவார்கள்? மாலை, மேளம், தோளில் தூக்கல். அன்றைக்கு அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லையாம். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்றார்கள். அன்று இரவே யாரோ முதல் கிளாஸை ஊற்றியிருக்கிறார்கள்.

நான் அவரோடு பழக ஆரம்பித்தபோது அவருக்கு நாற்பதைத் தொடும் வயது. சுண்ணாம்புக்கல் வெட்டும் குழியில் வேலை. தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளையாகச் சாயங்காலம் வருவார். இடது காது மடிந்து முந்திரிப் பருப்பு மாதிரி இருக்கும். நடையில் ஒரு கால் லேசாக இழுக்கும். "சாம்பியன்!" என்று யாராவது கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டார். முதலில் தன் முதுகுக்குப் பின்னால் பார்ப்பார், வேறு யாரையோ கூப்பிட்டதுபோல. பிறகுதான் கூப்பிட்டவனைப் பார்ப்பார். போதையில் திசை தெரியவில்லை என்று நாங்கள் சிரிப்போம்.

இன்னொன்று, அவர் தரையில் கிழித்த கோட்டை மிதிக்க மாட்டார். நிற்க முடியாத போதையில் வந்தாலும், தெருவில் பிள்ளைகள் பாண்டி விளையாடக் கட்டம் போட்டிருந்தால், சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றித்தான் போவார். கோட்டைப் பற்றிப் பொய்யும் சொல்ல மாட்டார். இதனால் ஒரு முறை உதை வாங்கினார். பங்காளிகள் இரண்டு பேருக்குள் வரப்புத் தகராறு. குழிக்கு லீவு நாளில் பக்கத்துக் கொல்லையில் ஆடு மேய்த்தவர் என்று அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். காலையில் பெரியவன் அழைத்துப்போய் ஊற்றினான். மத்தியானம் சின்னவன் ஊற்றினான். இரண்டையும் மரியாதையாகக் குடித்துவிட்டுப் பஞ்சாயத்தில் எழுந்து நின்று சொன்னார்:

"வரப்பு வேப்பங்கன்னுக்கு நேரா இருந்துச்சு. பெரியவரு ஒரு முழம் இப்படித் தள்ளுனாரு. சின்னவரு அந்தாண்ட போயி வாய்க்கா வரப்ப ரெண்டு முழம் அப்படித் தள்ளுனாரு. ரெண்டு பேரும் திருடனுங்கதான்."

பங்காளிகள் அன்றைக்குத்தான் ஒற்றுமையானார்கள். இரண்டு பேரும் சேர்ந்து அவரை அடித்தார்கள்.

இப்போது அந்தக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டத்தில் ஜெயித்தால் ஊற்றுவோம். தோற்றால் ஊற்றுவோம். மழை வந்து ஆட்டம் நின்றால் நனைந்துவிட்டோமே என்று ஊற்றுவோம். இதில் பெரிய ஆட்டக்காரருக்கு ஊற்றுவது தனிப் பெருமை. கோயில் யானைக்கு வாழைப்பழம் கொடுத்துத் தலையில் தும்பிக்கையை வைத்துக்கொள்வதில்லையா, அது மாதிரி. வெளியூரிலிருந்து மாப்பிள்ளை வந்தால், மச்சான்கள் அழைத்து வந்து சாம்பியனுக்கு ஊற்ற வைப்பார்கள். மதுவிலக்குக் காலத்தில் இதற்கு முந்திரிக்காட்டுக்குள் முள்ளில் வேட்டி கிழிய ஓட வேண்டும். அங்கே லாரி டியூபில் சரக்கு வரும். பிறகு அரசாங்கமே மனமிரங்கிக் கடையைத் திறந்து போர்டும் மாட்டியது. வேட்டி கிழிவது நின்றது. மற்றதெல்லாம் கிழிந்தது.

ஊற்றியவனுக்குச் சாம்பியன் கதை சொல்லுவார். முதல் கிளாஸில் களம் வரும். கூட்டம், எதிரணி, ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே பாக்கி, இரண்டு பக்கமும் சமமான புள்ளி. இரண்டாவது கிளாஸில் அவர் கபடி கபடி என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டு உள்ளே போவார். எங்கள் பக்கம் இதற்குப் பாட்டு என்றே பெயர். ஒருவனைத் தொடுவார். ஏழு பேரும் மேலே விழுவார்கள். இரண்டு பேர் காலில், ஒருவன் இடுப்பில், ஒருவன் கழுத்தில். மூன்றாவது கிளாஸில் ஏழு பேரையும் முதுகில் சுமந்துகொண்டு, பாட்டு அறாமல், நடுக்கோட்டை நோக்கி நகருவார். அதைத் தொட்டுவிட்டால் ஏழு பேரும் அவுட். கடைப் பலகையில் சிந்திய சாராயத்தில் விரலை நனைத்து ஒரு கோடு கிழிப்பார். அதன் இந்தப் பக்கம் உள்ளங்கையைக் கவிழ்த்து வைப்பார். விரல்கள் கோட்டைப் பார்த்து விரற்கடை விரற்கடையாக நகரும்.

"நாலு வெரக்கட... மூணு வெரக்கட..."

அவ்வளவுதான். அங்கே நின்றுவிடும். கண்ணில் தண்ணீர் வரும், அல்லது தலை பலகையில் சாயும். நாங்கள்தான் "தொட்டுட்டாருடோய்!" என்று கத்திக் கைதட்டி முடித்துவைப்போம். அடுத்த நாள் வேறு ஒருவன் ஊற்றுவான். கதை மறுபடி முதல் கிளாஸிலிருந்து. நான் மட்டும் ஒரு நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஒரு முறைகூட அவர் வாயால் அந்தக் கை கோட்டைச் சேர்ந்து நான் கேட்டதில்லை. அதைக் கவனிக்கும் நிலையில் நானும் இருந்ததில்லை.

அவர் வீட்டுக்கார அம்மாவை நான் அக்கா என்பேன். கடலைக்கொல்லையில் களை வெட்டி, அந்தக் காசில் மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். ஒருநாள் அவரே என் கடைக்கு வந்தார். ரவிக்கைத் துணி கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து டேப்பை எடுத்தேன்.

"டேப்ப வைங்க தம்பி. ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். தெனமும் நீங்க ஊத்துறீங்க, நான் தூக்குறேன். ஒருநாளைக்கு மாத்திக்குவமா?"

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க. எல்லாம் ஒரு மரியாதைக்குத்தான்..."

"மரியாதை கனமா இருக்கு தம்பி. வூட்டு வாசப்படி ஏத்த முடியல."

போய்விட்டார். எனக்கு உறைத்தது. எவ்வளவு நேரம் உறைத்தது என்றால், சாயங்காலம் சாராயக்கடை திறக்கும் வரை.

அதற்கு முந்தின வருஷம் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கைப்பந்துக்காரர் செத்துப்போயிருந்தார். எழும்பினால் வலைக்கு மேலே இடுப்பு தெரியும் என்பார்கள். கடைசியில் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, பாயிலிருந்து எழுந்து உட்காரவே ஆள் வேண்டியிருந்தது. நாங்கள் ஒரு வேன் பிடித்துப் போனோம். மாலை போட்ட படத்துக்கு முன்னால் ஒரு பாட்டிலைத் திறந்து வைத்துக் கும்பிட்டோம். வைத்தது நான்தான். அதையும் மரியாதை என்றுதான் நினைத்தேன். சாம்பியன் அந்தப் பாட்டிலையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

எங்கள் ஊரில் காணும் பொங்கலுக்குச் சடுகுடுப் போட்டி. தா.பழூர்ப் பக்கமிருந்து கொள்ளிடத்து மணல் இரண்டு வண்டி வரும். செம்மண்ணோடு சலித்துக் கலந்து களம் போடுவோம். கோடுகளைச் சுண்ணாம்புத் தூளில் இழுப்போம். அதற்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. நடுவராகச் சாம்பியனைப் போடுவது வழக்கம், ஆட்டத்துக்கு முன்னால் மேடைக்குப் பின்னால் அழைத்துப்போய் ஊற்றுவதும் வழக்கம். அந்த வருஷம் நான் வழக்கத்தை விட ஒரு கை கூடுதலாகவே வழக்கத்தைக் காப்பாற்றினேன். "பதினாலு கால்களை இழுத்துக் கோட்டைத் தொட்ட சிங்கம்" என்று தட்டியில் எழுதியிருந்ததால் எனக்கே ஒரு வேகம்.

அரையிறுதியில் விசிலை வாயில் வைத்தார். ஊதினார். காற்றுதான் வந்தது. இன்னொரு தரம் மூச்சை இழுத்து ஊதப் போனவர், நெடுஞ்சாண்கிடையாக நடுக்கோட்டின் மேலேயே விழுந்தார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் அவரைத் தாண்டிக் குதித்தார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மைக்கைக் கையில் வைத்திருந்த நான் சிரித்தது அரியலூர் வரை கேட்டிருக்கும்.

எழுந்து நின்றார். களத்தில் கோட்டைக் காணோம். கோடு முழுக்க அவர் சட்டையில், நெஞ்சிலிருந்து வயிறு வரை, நேராக ஒட்டியிருந்தது. குனிந்து அதையே பார்த்தார். தட்டிவிடவில்லை. அப்படியே நடந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை சிறுவாச்சூருக்கு பஸ் ஏறினார். திங்களும் வெள்ளியும்தான் அங்கே நடை திறக்கும். காளியம்மன் சந்நிதியில் இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்து மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்.

குடிகாரர்கள் கயிறு கட்டுவது எங்களுக்குப் புதிதில்லை. அதற்கு எப்போதும் ஒரு தவணை உண்டு. ஒருவன் ஒரு மாதத்துக்குக் கட்டுவான், ஒருவன் தங்கச்சி கல்யாணம் வரைக்கும் கட்டுவான். தவணை முடியும் நாளில் கூட்டாளிகள் பாட்டிலோடு பஸ் ஸ்டாப்பில் காத்திருப்பார்கள். சிறையிலிருந்து வருகிறவனை வரவேற்கிற மாதிரி. அதுவும் மரியாதைதான்.

"எத்தனை நாளைக்குண்ணே?" என்று கேட்டேன்.

"ஒரு மாசம்."

அவ்வளவுதானே! வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு, நல்ல பாட்டிலாக ஒன்று வாங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன்.

அந்த ஒரு மாதம் அவர் பட்ட பாட்டை ஊரே பார்த்தது. குழியிலிருந்து வீட்டுக்கு வரும் பாதையில்தான் சாராயக்கடை. வயலில் இறங்கிச் சுற்றினால் ஒழிய வேறு வழியில்லை. கடைக்கு இந்தப் பக்கம் ஒரு புளியமரம், அந்தப் பக்கம் மதகு. நடுவில் அறுபது எட்டுத் தூரம் இருக்கும். முதல் நாள் சாயங்காலம் நாங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கிறோம். புளியமரத்தடியில் அவர் நிற்கிறார். குனிந்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"கபடி கபடி கபடி கபடி..."

பாடிக்கொண்டே கடையைத் தாண்ட ஆரம்பித்தார்.

கடை வாசலுக்கு நேராக வந்தபோது மூச்சு அறுந்தது. இருமல். போய்விடலாமே, பாதி தாண்டியாகிவிட்டது. போகவில்லை. பாட்டு அறுந்தால் அவுட். திரும்பிப் புளியமரத்துக்கே போய் மறுபடி ஆரம்பித்தார். மறுபடி அறுந்தது. மறுபடி மரம்.

"சாம்பியனே, உள்ள வாங்க! ஏழு பேரும் இங்கதான் குந்தியிருக்கோம்!" என்று ஒருவன் கத்தினான்.

"தொட்டுட்டுப் போங்க சாம்பியன்!" இது நான்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. நாலாவது தடவையும் பாதியில் நின்றது. ஐந்தாவது தடவை மதகுக்குப் பத்து எட்டு முன்னால் அறுந்தது. அதற்குள் இருட்டிவிட்டது. கடைசியில் அக்கா வந்து, "மீதிய நாளைக்குப் பாடிக்கலாம், வாங்க" என்று கையைப் பிடித்து வயல் வழியாகச் சுற்றி அழைத்துப்போனார்.

தினமும் இதே. ஒரு வாரத்தில் இது எங்களுக்குப் பெரிய வேடிக்கையாகிவிட்டது. சரியாக ஐந்தரை மணிக்குக் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்போம். கடைக்காரர் சுண்டலைக்கூட வெளியே கொண்டுவந்து வைத்தார். பதினெட்டாவது நாளோ, இருபதாவது நாளோ, ஞாபகமில்லை. புளியமரத்தில் மூச்சை எடுத்தார். வாசலைத் தாண்டினார். கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்தது. நாற்பது எட்டு. ஐம்பது. குரல் தேய்ந்து வெறும் முனகலாகிவிட்டது, ஆனால் அறவில்லை. குனிந்து கையை நீட்டி மதகுச் சுவரைப் பட்டென்று அடித்தார்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? விசில் அடித்தோம். துண்டைத் தூக்கிப் போட்டோம். பத்துப் பதினைந்து குடிகாரர்கள், ஒருவன் குடிக்காமல் போனதற்காக ஆடினோம். என் பக்கத்தில் நின்றவன் தன் கிளாஸை மகிழ்ச்சியில் என் தலையில் கொட்டினான். அதுகூட எனக்கு வீணாகத் தெரியவில்லை.

மாதம் முடிந்தது. நான் பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். சிறுவாச்சூரிலிருந்து வந்து இறங்கினார். பழைய கயிறு இல்லை. புதுக் கயிறு!

"என்னண்ணே இது?"

"ஒரு பாட்டு முடிஞ்சுது. அடுத்த பாட்டு."

"மொத்தமா ஒரேயடியா விட்டுட்டதா சொல்லிட வேண்டியதுதானே, எதுக்கு மாசா மாசம் பஸ் செலவு?"

"ஒரே மூச்சுல எவன்டா ஆட்டம் முழுக்கப் பாடுவான்? உள்ள போகணும், தொடணும், வரணும். அப்புறம் அடுத்த மூச்சு."

அடுத்த மாதமும் நின்றேன். அதற்கடுத்த மாதமும். நான் பாட்டிலோடு நிற்பதைப் பார்த்துப் பார்த்து கண்டக்டருக்கே பழகிவிட்டது. "இன்னிக்கும் புதுக் கயிறுதான், வூட்டுக்குப் போய்யா" என்று படியிலிருந்தே சொல்லுவார். ஆடி மாதத்தில் எனக்கே பொறுமை போய், அந்தப் பாட்டிலை நானே திறந்து ஒரு மடக்குக் குடித்தேன். மண்ணெண்ணெய். முதல் மாதமே கண்டுபிடித்துச் சரக்கை வாய்க்காலில் ஊற்றிவிட்டு, என் மனைவி அடுப்புக்கு எண்ணெய் வாங்கி அதில் வைத்திருக்கிறாள். ஆறு மாதமாக நான் மண்ணெண்ணெயை மரியாதையோடு பஸ் ஸ்டாப்புக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். மூன்று நாள் என் பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கவில்லை.

மார்கழியில் அவர் என் கடைக்கு வந்தார். நின்றுகொண்டே கேட்டார்.

"தம்பி, இந்தப் பொங்கலுக்கு விசில எங்கிட்டக் குடுப்பீங்களா?"

குழுவில் யாருக்கும் சம்மதமில்லை. போன வருஷம் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை என்றார்கள். வேறு ஊர் நடுவரைப் போடலாம் என்றார்கள். நான் செயலாளர் என்ற முறையில் வாதாடினேன் என்று எழுத ஆசைதான். வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடைசியில் எங்கள் அணியின் முன்னணி ஆட்டக்காரன், இருபத்திரண்டு வயதுப் பையன், "சாம்பியன் ஊதலன்னா நான் எறங்க மாட்டேங்க" என்றான். அதனால் விசில் அவருக்கு வந்தது. ஒரு நிபந்தனையோடு: ஒரு சொட்டு வாடை அடித்தாலும் இந்த ஊரில் அவருக்கு இனி விசில் கிடையாது.

"நல்லது" என்றார்.

அந்தப் பொங்கலில் எங்கள் ஊர் இறுதிக்கு வந்தது. எதிரே பெரம்பலூர்ப் பக்கத்து அணி. களத்தைச் சுற்றி மாட்டு வண்டிகள் மேலெல்லாம் ஆள். பெண்கள் பக்கம் அக்கா, மடியில் ஒரு தூக்குவாளியோடு. சாம்பியன் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டையில் நின்றார். நான் தைத்ததுதான். பிரியவில்லை.

கடைசி நிமிடம். இரண்டு பக்கமும் சமம். எங்கள் பையன் பாடிக்கொண்டு உள்ளே போனான். ஒருவனைத் தொட்டான். திரும்பும்போது நாலு பேர் பிடித்தார்கள். இழுத்துக்கொண்டு வந்தான். விழுந்தான். புழுதி எழும்பியது. கை நடுக்கோட்டை நோக்கி நீண்டது. "தொட்டுட்டான்!" என்று ஊர் ஒரே குரலில் கத்தியது. நான் மைக்கில் அதையே கத்தி, வெற்றிக் கோப்பை எங்கள் ஊருக்கே என்றும் அறிவித்துவிட்டேன்.

விசில் கேட்டது. சாம்பியன் கை எதிரணிப் பக்கம் நீண்டது.

"தொடல."

அப்புறம் செருப்பு பறந்தது.

"குடிகாரன் தீர்ப்பு செல்லாதுடா!"

"சொந்த ஊர விக்கிறான் பாரு!"

வண்டியிலிருந்து குதித்துப் பத்து இருபது பேர் களத்துக்குள் இறங்கினார்கள். நானும் ஓடினேன். அவரைக் காப்பாற்ற இல்லை, தீர்ப்பை மாற்றச் சொல்ல.

"அண்ணே, நம்ம ஊருண்ணே! கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க!"

அவர் என்னைப் பார்த்தார். கத்துகிற கூட்டத்தையும் பார்த்தார்.

"தையலு, நீ செயலாளருதானே? வா. மோந்து பாத்து மைக்ல சொல்லு."

என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து நீளமாக ஊதினார். மைக் என் கையிலேயே இருந்தது. நான் மோந்தேன். எனக்குக் குழப்பமாகிவிட்டது.

"வாடை அடிக்குதுங்க" என்றேன் மைக்கில்.

கூட்டம் ஓவென்றது. என் பக்கத்தில் நின்ற எதிரணித் தலைவன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"யோவ், அது ஒன் வாய் வாடைய்யா!"

அதுவும் மைக்கில் போயிற்று. காலையில் வழக்கத்தைக் காப்பாற்றுவதற்காக நான் மட்டும் மேடைக்குப் பின்னால் போய் வந்திருந்தேன். பெண்கள் பக்கம் முதலில் சிரித்தார்கள், அதில் என் மனைவி குரல் தனியாகக் கேட்டது. பிறகு வண்டிகளில் சிரித்தார்கள். களத்துக்குள் இறங்கியவர்களும் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார்கள். எதிரணித் தலைவன் சாம்பியன் வாயருகே குனிந்து மோந்துவிட்டு, மைக்கைப் பிடுங்கிச் சொன்னான்:

"சீரகத் தண்ணி வாசம்ங்க. வேற ஒண்ணுமில்ல."

அக்கா மடியிலிருந்த தூக்குவாளியின் மூடியை மெல்லத் திருகி மூடினார்.

சாம்பியன் இன்னும் முடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த எங்கள் பையனின் வலது கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். அந்தக் கையை விரித்து எல்லோருக்கும் காட்டினார். விரல், நகம், உள்ளங்கை, எல்லாம் சிவப்பு. செம்மண். சுண்ணாம்பு வெள்ளை ஒரு பொட்டுகூட இல்லை. பக்கத்தில் நடுக்கோடு வெள்ளையாக, கலையாமல், கிழித்தது கிழித்தபடி கிடந்தது. அதற்கும் மண்ணில் பதிந்த விரல் தடத்துக்கும் நடுவில் மூன்று விரல் கடை இடைவெளி.

பையன் அந்த இடைவெளியைப் பார்த்தான். அழுகிற முகத்தோடு நிமிர்ந்தான்.

"தொடலங்க. எனக்கே தெரியும்."

அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார் சாம்பியன். பிறகு விசிலை வாயில் வைத்தார். ஆட்டம் முடிந்தது என்பதற்கு ஊதுகிற நீளமான விசில். அந்த மாதிரி விசிலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஊதுகிறார், ஊதுகிறார், நிற்கவேயில்லை. முதலில் கூட்டம் அடங்கியது. பிறகு மாடுகள் திரும்பிப் பார்த்தன. சாராயக்கடையிலிருந்து எழுந்து வந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒன்று, இரண்டு என்று எட்டுகளை எண்ண ஆரம்பித்தார்கள், அவர் மதகைத் தாண்டுவதை எண்ணுவதுபோல. அறுபதைத் தாண்டியும் விசில் போய்க்கொண்டிருந்தது. முதலில் கைதட்டியது எங்கள் ஊர்தான். கோப்பையைத் தோற்றுவிட்டு, எதிரணி தூக்குவதற்கு முன்னால் நாங்கள் ஓடிப்போய் நடுவரைத் தோளில் தூக்கினோம். அவருடைய ஒரு கால் என் தோளில் இருந்தது. கனமாகத்தான் இருந்தது. அக்கா அத்தனை வருஷம் எப்படித் தூக்கினாரோ.

மறுநாள் காலை, தட்டிகளை அவிழ்த்து அடுக்கிவிட்டு டீக்கடைக்குப் போனேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரோட்டில் போன ஒருவர், "சாம்பியன், வணக்கம்!" என்றார். அவர் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகக் கையைத் தூக்கி வணக்கம் சொன்னார்.

பெஞ்சில் தண்ணீர் சிந்தியிருந்தது. எனக்கு என்னவோ தோன்றியது. விரலை நனைத்துப் பலகையில் ஒரு கோடு கிழித்தேன். அதன் இந்தப் பக்கம் என் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தேன். அவர் அதையே பார்த்தார்.

"அண்ணே, பத்து வருஷமாக் கேக்குறேன். ஒரு கிளாஸும் ஊத்தாம இன்னிக்குக் கேக்குறேன். கோயமுத்தூர்ல அன்னிக்கு, ஏழு பேரையும் இழுத்துக்கிட்டு வந்தீங்களே, கடைசியில அந்தக் கோட்டத் தொட்டீங்களா இல்லியா?"

"தொடல, ரெண்டு டீ சொல்லு."